ஐரீன்: சமாதானம் வேண்டி வைத்த பெயர்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் பாட்டி பெயர் ஐரீன். இப்போது பிறந்திருக்கும் பெண்குழந்தைக்கு அதையே வைக்க அவருக்கு ஆசை. வீட்டில் இரண்டு பேர் தடை சொல்கிறார்கள். பெரியப்பா, “அது வெள்ளைக்காரன் விட்டுப்போன பெயர், அர்த்தம் என்று ஒன்றும் கிடையாது” என்கிறார். அக்கா, “அதெல்லாம் அந்தக் காலத்துக் கிழவிகள் பெயர், இப்போது யார் வைக்கிறார்கள்?” என்கிறார். பெயரின் பூர்வீகம் என்ன, இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

பெரியப்பாவுக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஐரீன் கிரேக்கப் பெயர். நேர்ப்பொருள் ‘சமாதானம்’. வேர்ச்சொல் தேடி அலைய வேண்டிய பெயர்களில் இது சேராது. இன்றைக்கும் ஏதென்ஸில் ஒரு செய்தித்தாள் ‘சமாதானப் பேச்சு’ என்று தலைப்புப் போட வேண்டுமானால் இதே சொல்லைத்தான் அச்சிடும். நம்மிடம் சாந்தி எப்படியோ, அவர்களிடம் இது அப்படி. வேதாகமம் படிக்கிற வீடாக இருந்தால் யோவான் 20-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கதவைப் பூட்டிக்கொண்டு பயந்திருந்த சீடர்கள் நடுவே இயேசு வந்து நின்று “உங்களுக்குச் சமாதானம்” என்கிறார். அந்தச் ‘சமாதானம்’ கிரேக்க மூலத்தில் ‘எய்ரேனே’. உங்கள் பாட்டியின் பெயர் அதுதான். மலைப்பிரசங்கத்தில் ‘சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்’ என்று வருகிற இடத்திலும் இந்தச் சொல்லே இருக்கிறது.

அந்தப் பெயர் நமக்கு வந்து சேர்ந்தபோது எடுத்துக்கொண்ட ஒலி மட்டும் ஆங்கிலம். பழைய கிரேக்கர்கள் ‘எய்ரேனே’ என்றார்கள். காலப்போக்கில் கிரேக்க மொழியில் பல உயிரொலிகள் தேய்ந்து ‘இ’ ஆகிவிட்டன. எழுத்து மாறவில்லை, வாய் மாறிவிட்டது. அதனால் இன்றைய கிரேக்கர்கள் அதே ஆறு எழுத்தை எழுதிவிட்டு ‘இரீனி’ என்று கூப்பிடுகிறார்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ‘இரேனே’, போலந்தில் ‘இரேனா’, ரஷ்யாவில் ‘இரீனா’. இங்கிலாந்துக்காரர்கள் லத்தீன் எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொண்டு முதல் எழுத்தை ‘ஐ’ ஆக்கினார்கள். அங்கேயும் முன்பு ‘ஐரீனி’ என்று மூன்று அசையாகச் சொல்வதுதான் வழக்கம்; கடைசி ‘இ’ உதிர்ந்து ‘ஐரீன்’ ஆனது பிறகு. பழைய ஆங்கிலக் கதைகளை வாசித்துக் காட்டுகிறவர்கள் சில இடங்களில் ‘ஐரீனி’ என்று சொல்வதைக் கேட்டால் தப்பு என்று நினைக்காதீர்கள்.

பெயர் மனிதர்களுக்கு வருவதற்கு முன் ஒரு தெய்வத்துக்கு இருந்தது. ஹெசியோட் என்ற பழைய கவி, சியூஸுக்கும் தெமிஸுக்கும் பிறந்த மூன்று பெண்களைச் சொல்கிறார்: நல்லாட்சி, நீதி, சமாதானம். நல்லாட்சியும் நீதியும் கூடப் பிறந்தால்தான் சமாதானம் என்று குடும்பம் கட்டிய அந்தக் கற்பனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஏதென்ஸ்காரர்கள் இவளுக்கு ஊரறிய வழிபாடு ஏற்படுத்தியது வெகுகாலம் கழித்து, கி.மு. 375-ஐ ஒட்டி, ஸ்பார்ட்டாவோடு சண்டையை நிறுத்தி உடன்படிக்கை செய்துகொண்டபோது. அந்தச் சமயத்தில் கெஃபிசோடோட்டஸ் என்ற சிற்பி ஒரு சிலை செய்தார். மூலச் சிலை இப்போது இல்லை. ரோமானியர் அதைப் பார்த்துச் செய்த பளிங்குப் படி ஒன்று ஜெர்மனியின் மியூனிக் நகரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு பெண் இடது கையில் கைக்குழந்தையை ஏந்தி அதன் முகத்தைப் பார்க்கிறாள். குழந்தை அவளை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. தெரியாதவர்கள் மேரியும் குழந்தை இயேசுவும் என்றே நினைப்பார்கள். குழந்தையின் பெயர் புளூட்டோஸ், அதாவது செல்வம். சமாதானத்தின் இடுப்பில் செல்வம் வளரும் என்று, போரில் வயலும் வீடும் பறிகொடுத்த ஊர் செதுக்கி வைத்த சிலை அது.

பெண்களுக்குப் பெயராகவும் சீக்கிரமே வந்துவிட்டது. அலெக்சாந்தரின் தளபதியாக இருந்து எகிப்தின் மன்னனான முதலாம் டாலமிக்கும் தாய்ஸ் என்ற பெண்ணுக்கும் பிறந்த மகள் ஓர் எய்ரேனே. சைப்ரஸ் தீவின் சோலோய் நகரத்து அரசனுக்கு வாழ்க்கைப்பட்டாள். இன்னொரு எய்ரேனே ஓவியர். கிரட்டினஸ் என்ற ஓவியரின் மகள், அவரிடமே தொழில் கற்றவள். எலூசிஸ் நகரில் ஒரு சிறுமியின் படம் அவள் தீட்டியது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்து வைத்திருக்கிறார். படம் போய்விட்டது. பெயரும் ‘அப்பாவின் மாணவி’ என்ற அந்த ஒரு விவரமும் மட்டும் மிச்சம்.

கிறிஸ்தவம் பரவியபோது பெயரும் பரவியது. கல்லறைக் கல்லில் ‘சமாதானத்தில்’ என்று பொறிப்பதும், சபையில் ‘சமாதானம்’ சொல்லி வாழ்த்துவதும் வழக்கமாகிவிட்ட சமூகத்தில் இதைப் பிள்ளைக்கு வைக்கத் தயக்கம் இருக்குமா? ஐரீன் என்ற பெயரில் புனிதர்கள் பல பேர். அவர்களில் 304-இல் தெசலோனிக்கேயில் கொல்லப்பட்ட ஐரீனை எனக்கு எப்போதும் நினைவிருக்கும். அன்பு, பனி, சமாதானம் என்று பொருள்படும் பெயர்கள் கொண்ட மூன்று பெண்கள்: அகாப்பே, கியோனியா, எய்ரேனே. வேதப் புத்தகங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று பேரரசர் டயோக்ளீஷியன் ஆணையிட்டிருந்த காலம். ஐரீன் அவற்றை ஒப்படைக்காமல் ஒளித்து வைத்திருந்தாள் என்பதே அவள்மேல் குற்றச்சாட்டு. எரித்தார்கள். ரோமில் வேறொரு ஐரீன், அம்பு தைத்துக் கிடந்த செபஸ்தியாரைத் தூக்கிவந்து காயத்துக்கு மருந்து போட்டவள் என்று மரபு சொல்கிறது. ஐரோப்பிய ஓவியங்களில் விளக்கொளியில் குனிந்து அம்பைப் பிடுங்குகிற பெண்ணைப் பார்த்திருந்தால், அவள்தான்.

ஊர்ப் பெயர்களிலும் இவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுண்ணாம்பு வெள்ளை வீடும் நீலக் குவிமாடமுமாகச் சுற்றுலாப் படங்களில் வரும் சாந்தோரினித் தீவு இருக்கிறதே, அது ‘சாந்தா இரீனி’, புனித ஐரீன். தீவின் பழைய பெயர் தேரா. மத்திய காலத்தில் அங்கே வந்த இத்தாலியர்கள், தாங்கள் கண்ட ஒரு புனித ஐரீன் கோயிலை வைத்துத் தீவையே அப்படிக் கூப்பிட்டார்கள். போர்த்துகலின் சாந்தரேம் நகரமும் இதே பெயரின் திரிபு; அங்கே ஐரீன் ‘இரியா’ ஆகிவிட்டாள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பெயரின் சரித்திரத்தில் என்னை உட்காரவைத்த பகுதி. கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசில் ஐரீன் என்ற பெயருடைய மகாராணிகளை எண்ணிப் பார்த்தால், கணிசமானவர்கள் பிறக்கும்போது ஐரீன் இல்லை. வெளிநாட்டுப் பெண்கள். கல்யாணம் பேசி அழைத்துவந்து, ஞானஸ்நானமோ புதுப் பெயரோ கொடுக்கும்போது ‘சமாதானம்’ என்று கொடுத்திருக்கிறார்கள். ராஜ குடும்பத்துச் சம்பந்தம் என்பதே இரண்டு நாட்டு உடன்படிக்கை அல்லவா? மணப்பெண்ணின் பெயரிலேயே அந்த உடன்படிக்கையை எழுதிவிட்டார்கள்.

காஸ்பியன் கடலுக்கு வடக்கே ஆண்ட கசார் அரசனின் மகள் சிச்சாக். அரபுப் படைகளுக்கு எதிராகக் கசார்களின் துணை வேண்டும் என்பதற்காக 732-ஐ ஒட்டி இளவரசன் ஐந்தாம் கான்ஸ்டன்டைனுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். ஐரீன் ஆனாள். அவள் உடுத்திவந்த கசார் உடையின் சாயலில் அரண்மனையில் ஓர் ஆடை வழக்கத்துக்கு வந்து, அவள் சொந்தப் பெயரால் ‘சிச்சாக்கியோன்’ என்றே வழங்கியது. கொடுத்த பெயர் ஏட்டில் நின்றது, பிறந்த பெயர் உடையில் ஒட்டிக்கொண்டது. ஹங்கேரி அரசர் லாடிஸ்லாஸின் மகள் பிரோஷ்கா இன்னொருத்தி. இரண்டாம் ஜான் கொம்னேனோஸை மணந்து ஐரீன் ஆனாள். கணவனும் மனைவியுமாக எழுப்பிய பான்டோகிரேட்டர் மடத்தோடு 50 படுக்கை கொண்ட மருத்துவமனை ஒன்று இருந்தது. அந்தக் கட்டடத்தின் கோயில் பகுதி இன்றைக்கு இஸ்தான்புல்லில் சேரெக் மசூதி. அவளை நேரில் பார்க்கலாம். ஹாகியா சோஃபியாவின் தெற்கு மாடிக் கூடத்தில், கிழக்குச் சுவரில், சிறு சிறு கண்ணாடிச் சில்லுகளால் ஆன மொசைக் படத்தில் நிற்கிறாள். நடுவில் மாதா, இடப்பக்கம் ராஜா, வலப்பக்கம் இவள். கன்னம் சிவந்திருக்கிறது. கனத்த கிரீடத்துக்குக் கீழே, அந்த ஊர்ப் பெண்களுக்கு இல்லாத செம்பட்டை நிறத்தில் இரண்டு நீளப் பின்னல்கள். தலைக்கு அருகே ‘எய்ரேனே’ என்று எழுதியிருக்கிறது. பிரோஷ்கா என்று எங்கும் இல்லை. ஆனால் பின்னல் பிரோஷ்காவுடையது.

ஜெர்மனியிலிருந்து வந்த சுல்ஸ்பாக் பெர்த்தா, இத்தாலியின் மோன்ஃபெராட்டிலிருந்து வந்த யோலண்டா, பிரன்ஸ்விக்கிலிருந்து வந்த அடெலெய்ட் எல்லோருமே இங்கே வந்து ஐரீன் ஆனவர்கள். எதிர்த் திசையிலும் நடந்தது. பல்கேரிய அரசர் சிமியோன் பேரரசோடு பல ஆண்டு மோதிவிட்டு 927-இல் இறந்தார். மகன் பீட்டர் சமாதானத்துக்கு வந்தார். அதே ஆண்டு பேரரசர் ரோமானோஸின் பேத்தி மரியாவை அவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மரியா என்று புறப்பட்ட பெண்ணுக்கு ஐரீன் என்று பெயர் சூட்டினார்கள், இவளால் போர் நின்றது என்பதற்காகவே. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டு அந்த எல்லையில் பெரிய போர் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயரைத் தேடினால் முதலில் எதிர்ப்படுகிறவள் இவளாகத்தான் இருப்பாள். ஏதென்ஸைச் சேர்ந்த ஐரீன், கசார் ஐரீனின் மருமகள். கணவன் 780-இல் இறந்ததும் சிறுவனான மகனுக்காக ஆட்சியை ஏற்றாள். 787-இல் நிகேயாவில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூட்டி, தடைசெய்யப்பட்டிருந்த திருவுருவ வணக்கத்தை மீட்டுக்கொடுத்தாள். பத்தாண்டு கழித்து அதே மகனின் கண்களைக் குருடாக்க வைத்து, 797 முதல் 802 வரை தனியாக ஆண்டாள். அவள் அடித்த தங்கக் காசில் இரண்டு பக்கமும் அவள் முகமே. போப்பாண்டவர் 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று மேற்கே பிராங்கு அரசர் சார்லமேனுக்குப் பேரரசராக முடிசூட்டியதற்கு, பெண் அமர்ந்திருப்பதால் கிழக்கில் சிம்மாசனம் காலி என்ற வாதமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கடைசியில் பதவி பறிபோய் லெஸ்போஸ் தீவில் இறந்தாள். பெற்ற மகனுக்குச் செய்ததை எந்தத் திருப்பணியும் கழுவாது என்பது என் எண்ணம். ஆனால் ஓராயிரம் ஆண்டுகளில் இந்தப் பெயரோடு வாழ்ந்த பெண்களில் அவள் ஒருத்திதான்.

கிரேக்கத்திலிருந்து பெயர் வடக்கே போனதும் இப்படித்தான். சுவீடன் இளவரசி இங்கெகர்ட், ‘ஞானி’ என்று பட்டப்பெயர் பெற்ற கீவ் அரசர் யாரோஸ்லாவை 1019-இல் மணந்து இரீனா ஆனாள். யாரோஸ்லாவ் கீவில் புனித இரீனா பெயரில் ஒரு மடமே கட்டினார். மக்கள் வாயில் ‘அரீனா’ என்றும் ஆனது. கவிஞர் புஷ்கினுக்குக் கதை சொல்லி வளர்த்த தாதி அரீனா ரோடியோனோவ்னா அந்த நாட்டுப்புற வடிவத்தைச் சுமந்தவர். சோவியத் காலத்தில் 1960-களிலும் 70-களிலும் இரீனா தெருவுக்குத் தெரு கேட்கிற பெயர்.

ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு இது வந்தது தாமதமாக, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். கிரேக்கம் படித்தவர்கள் பெருகிய காலம். 1851-இல் ஜான் ரசல் ஹிண்ட் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டு லண்டனில் உலக நாடுகள் கூடிய மாபெரும் பொருட்காட்சி நடந்ததால், ஜான் ஹெர்ஷல் அதற்கு ‘ஐரீன்’ என்று பெயர் சொன்னார். பிறகு பிள்ளைகளுக்கு வைப்பது வேகம் பிடித்தது. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் அமெரிக்காவில் முதல் 20 பெண் பெயர்களில் இது ஒன்று. 1924-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதல் பத்துக்குள். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இருக்கும் ஐரீன் பாட்டிகளும் பெரும்பாலும் அந்த அலையில் வந்தவர்கள்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே அலை வடிந்தது. அக்கா சொல்லும் ‘கிழவி வாசனை’ அந்த வடிந்த கரையின் வாசனை.

ஆனால் போரும் இந்தப் பெயரும் விட்டுப் பிரியவே இல்லை. ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் 1866-இல் சண்டை போட்டன. அந்தப் போர் முடிகிற தறுவாயில், ஜூலை மாதம், விக்டோரியா மகாராணியின் மகள் ஆலிஸுக்கு ஹெஸ்ஸேயில் ஒரு பெண் பிறந்தாள். ஐரீன் என்று வைத்தார்கள். வளர்ந்து ஜெர்மன் கடற்படைத் தளபதியான இளவரசன் ஹென்றிக்கு வாழ்க்கைப்பட்டாள். 1914-இல் போர் மூண்டபோது அவளுடைய ஒரு சகோதரி இங்கிலாந்தில், இரண்டு சகோதரிகள் ரஷ்யாவில். அவர்களில் ஒருத்தி ஜார் மன்னனின் மனைவி. 1939 ஆகஸ்ட் 5 அன்று நெதர்லாந்து அரச குடும்பத்தில் இரண்டாவது பெண் பிறந்தது. ஐரோப்பா போரின் வாசலில் நின்றது. சமாதானம் நிலைக்கட்டும் என்று ஐரீன் என்றே வைத்தார்கள். நான்கு வாரத்தில் உலகப் போர். அடுத்த மே மாதம் குடும்பம் நாட்டைவிட்டு ஓடி, ஒன்பது மாதக் குழந்தைக்கு லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைச் சிற்றாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. 1941-இல், நாடிழந்து இங்கிலாந்தில் கூடிய டச்சு வீரர்களின் படைப்பிரிவுக்கு அந்தக் குழந்தையின் பெயரையே சூட்டினார்கள். ‘இளவரசி ஐரீன் படை’ 1944-இல் நார்மண்டியில் இறங்கிச் சண்டையிட்டுத் தாய்நாடு போய்ச் சேர்ந்தது. சமாதானம் என்று பெயர் தாங்கிய துப்பாக்கிப் படை! அந்தப் படையின் வாரிசான ரெஜிமென்ட் இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

சென்னைக்கும் ஓர் ஐரீன் உண்டு. கிரீஸ் நாட்டு அரச குடும்பம் ஜெர்மானியரிடமிருந்து தப்பி அலைந்தபோது, 1942 மே மாதம் கேப் டவுனில் பிறந்த இளவரசி ஐரீன். பின்னாளில் கிரீஸில் முடியாட்சியே போய்விட, தாய் ஃபிரெடெரிகா ராணி அத்வைதத்தில் ஈடுபட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் டி.எம்.பி. மகாதேவனிடம் பாடம் கேட்க வந்தார். மகளும் கூடவே வந்து தங்கினார். 1981-இல் தாய் இறக்கும்வரை ஐரீனுக்கு மதராஸ்தான் வீடு. வெள்ளைக்காரன் விட்டுப்போன பெயர் என்கிற பெரியப்பாவுக்கு இதையும் சொல்லுங்கள். உபநிஷதப் பாடங்கள் ஒவ்வொன்றும் ‘சாந்தி சாந்தி சாந்தி’ என்று முடிகிற ஊரில், ‘சாந்தி’ என்ற பொருள் கொண்ட பெயரோடு அந்தப் பெண் வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்றைய நிலவரம்: கிரீஸில் இரீனி சாதாரணமாக எங்கும் கேட்கிற பெயர், குறிப்பாகக் கிரீட் தீவில். செல்லமாக ரேனா, ரினியோ. ஸ்பெயினில் ஐரீனைத் தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர்களில் கல்லூரிப் பெண்கள் நிறைய இருப்பார்கள். 1990-களிலும் 2000-களிலும் பிறந்த பெண்களுக்கு அங்கே இது விரும்பி வைத்த பெயர். ‘பழசு’ என்பது லண்டன் கணக்கு.

கிரீஸில் இது தேயாமல் நின்றதற்குக் காரணம் ஓர் எளிய வழக்கம். அங்கே பிள்ளைக்குப் பெயர் தேடி யாரும் அலைவதில்லை. முதல் பெண்ணுக்கு ஒரு பாட்டி பெயர், அடுத்தவளுக்கு மற்றப் பாட்டி பெயர். நம்மிடமும் இருந்ததுதான், ‘பேரன்’, ‘பேத்தி’ என்ற சொற்களே தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குகிறவர்கள் என்பதிலிருந்து வந்தவை. நீங்கள் செய்ய நினைப்பதும் இதையே.

எழுதும்போது ‘ஐரீன்’ என்று நெடிலோடு எழுதுங்கள். ‘ஐரின்’ என்று குறுக்கினால் கிரேக்கத்தில் அழுத்திச் சொல்கிற இடமே போய்விடும். கிரேக்கத் திருச்சபையில் ஐரீன்களின் நாமத் திருநாள் மே 5. அன்றைக்கு அங்கே இந்தப் பெயருள்ள வீடுகளுக்கு அழைப்பே இல்லாமல் சொந்தக்காரர்கள் இனிப்போடு வந்துவிடுவார்கள். பிறந்தநாளைவிடப் பல வீடுகளில் அதற்குத்தான் கூட்டம்.